ஞானப்பல் அகற்றும் முன்: மயக்க ஊசிக்கு உடலையும் மனத்தையும் ஆயத்தப்படுத்தும் முறை

புதைந்த ஞானப்பல்லை எடுக்கும்போது தரப்படும் செடேஷன், அதாவது மருந்தால் உண்டாக்கும் தணிந்த நிலை, பெரும்பாலும் முழு மயக்கம் அன்று. மிடசோலம் போன்ற தணிப்பு மருந்து இரத்தக் குழாயில் ஏறிய பிறகும் நோயாளி மருத்துவர் சொல்வதைக் கேட்டு வாயைத் திறப்பார், ஆனால் பின்னர் அதில் பெரும்பகுதி அவருக்கு நினைவிருக்காது. ஆகவே உண்மையில் கடக்க வேண்டியது ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான். அதற்கான பயிற்சியை ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்குங்கள்.

ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கைதான் ஏறி இறங்க வேண்டும், தோள் அல்ல. வெளிவிடும் மூச்சு நீள நீள இதயத் துடிப்பு தணியும். பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தாலோ தலை கிறுகிறுத்து விரல் நுனிகள் மரத்துப்போகும். பலர் அதையே ஆபத்தின் அறிகுறி என்று எண்ணி மேலும் கலங்குகிறார்கள். பதற்றம் தணிக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயு தரப்போகிறார்கள் என்றால் இப்பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு, ஏனெனில் அந்த வாயு மூக்கின் மேல் பொருத்தும் மூடி வழியாகவே செல்கிறது.

அடுத்தது, எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வு முறை. பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு என்று ஒவ்வொன்றாக ஐந்து நொடி இறுக்கி, பின் சட்டென்று தளர்த்திக்கொண்டே மேலேறுங்கள். தாடையை மட்டும் இறுக்க வேண்டாம், வலிக்கிற பல் இன்னும் வலிக்கும். உதடுகள் சேர்ந்திருக்க, பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டாலே போதும்.

ஊசியையோ இரத்தத்தையோ கண்டதும் மயங்கி விழும் இயல்புடையவர்களுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது என்பதைப் பெரும்பாலான அறிவுரைகள் சொல்ல மறக்கின்றன. அவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழுவதுதான் சிக்கல் என்பதால், ஊசி ஏறாத கையையும் கால்களையும் வயிற்றையும் முகம் சூடேறும் வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, பின் இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

துடிப்பையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலிக்கும்; அது வேகமெடுப்பதைக் கேட்டே பயம் கூடுகிறவர்கள் ஒலியைக் குறைக்கச் சொல்லலாம். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்ற சைகையையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் தணியட்டும் என்று தாமாகவே தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வது மட்டும் அறவே கூடாது. அவை செடேஷன் மருந்தோடு சேர்ந்தால் சுவாசத்தையே மந்தமாக்கிவிடும்.