பாலிசல்ஃபோன் சவ்வு: ஓட்டை விழாமல் முதல் தாளை வார்ப்பது எப்படி?

நீர் வடிகட்டும் சவ்வை ஆய்வகத்தில் புதிதாக வார்ப்பவர்கள், சவ்வு ஒழுகினால் உடனே பாலிமர் அளவைத்தான் மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கோளாறு பெரும்பாலும் குமிழியிலும் காற்றின் ஈரத்திலும் இருக்கும்.

1. கரைசல்: பாலிசல்ஃபோன் (சவ்வாக உறையும் பாலிமர்) 18 கிராம், பி.வி.பி. (துளைகள் உருவாக உதவும் இன்னொரு பாலிமர்) 3 கிராம், என்.எம்.பி. (இரண்டையும் கரைக்கும் திரவம்) 79 கிராம். பாலிமர் மணிகளை முன்பே உலர்த்திவிடுங்கள். மூடிய குடுவையில், 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கினால் தேன் பதம் வரும். என்.எம்.பி. கருவைப் பாதிக்கக்கூடியது, கையுறையும் ஃபியூம் ஹூடும் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கட்டாயம்.

2. குமிழி நீக்கம்: கலக்குவதை நிறுத்தி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். தங்கிவிடும் குமிழிதான் பின்னால் ஊசித்துளை ஆகிறது. கண்ணாடியில் ஊற்றும்போதும் உயரத்திலிருந்து ஊற்றாதீர்கள்.

3. வார்ப்பு: கண்ணாடிக்கு மேல் 200 மைக்ரான் இடைவெளி வைத்த வார்ப்புக் கத்தியை, ஊற்றிய கரைசல் மெல்லிய படலமாகப் பரவும்படி ஒரே வேகத்தில் இழுங்கள். நடுவில் தயங்கினால் கோடு விழும்.

4. அமிழ்த்தல்: முக்கியமான இடம் இதுதான். கண்ணாடியை ஒரே வீச்சில் நீர்த்தொட்டிக்குள் இறக்குங்கள். என்.எம்.பி. வெளியே போக, நீர் உள்ளே வர, பாலிமர் வெள்ளையாக உறையும். நீரைத் தொட்ட மேற்பக்கத்தில் அடர்ந்த மெல்லிய தோல், அதற்கடியில் விரல் போன்ற குழிகள். வடிகட்டுவது அந்தத் தோல்தான். எது மேற்பக்கம் என்று தெரிய ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். (தலைகீழாகப் பொருத்திவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.) மழைநாளில் வார்த்த படலம் தொட்டிக்குப் போகுமுன்பே மங்கலாகும், காற்றின் ஈரமே அதை உறைய வைக்கிறது. அதனால் வார்ப்புக்கும் அமிழ்த்தலுக்கும் இடையிலான நொடிகளை எண்ணி, எப்போதும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நீரில் கொஞ்சம் என்.எம்.பி. சேர்த்தால் உறைவது நிதானமாகி, குழிகள் குறைந்து பஞ்சு போன்ற அமைப்பு வரும்.

5. கழுவுதல்: நீரை மாற்றி மாற்றி ஒரு நாள். அப்புறமும் நீரிலேயே வையுங்கள். காய்ந்தால் துளைகள் சுருங்கிவிடும்.

6. சோதனை: ஒரே தாளில் மூன்று வட்டங்கள் வெட்டுங்கள். அழுத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஓட்டம் நிலையானதும் அளக்கலாம். 14 சதுர செ.மீ. பரப்பில், 1 பார் அழுத்தத்தில், 10 நிமிடத்தில் 28 மி.லி. வடிந்தால் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 120 லிட்டர் என்று கணக்கு. ஒரு வட்டத்தில் மட்டும் நீர் கொட்டினால் அங்கே ஊசித்துளை; இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். மூன்றிலும் ஒன்றுபோல அதிகமாக வந்தால், சரி, இப்போது பாலிமரை 20 கிராம் ஆக்கிப் பாருங்கள்.