சைக்கிள் பாதையை எடுத்தால் நெரிசல் குறையுமா? சந்தியில் நின்று அளந்து பார்ப்பது எப்படி

ரொறன்ரோவில் புளோர், யங், யூனிவர்சிற்றி ஆகிய மூன்று வீதிகளின் சைக்கிள் பாதைகளை அகற்ற ஒன்ராறியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டம் கொண்டுவந்தது. காரணம் நெரிசல். 2025 ஜூலை 30 அன்று நீதிமன்றம் அந்த அகற்றல் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. பாதையை எடுத்தால் நெரிசல் குறையும் என்ற வாதத்துக்குச் சான்று இல்லை, சைக்கிளில் போகிறவர்களுக்கு ஆபத்துதான் கூடும் என்றது தீர்ப்பு. அரசு மேல்முறையீடு செய்தது. வாக்குவாதம் மட்டும் வீதிக்கு வீதி ஓயவில்லை: "இவ்வளவு நேரமா நிற்கிறேன், ஒரு சைக்கிளைக் காணோம்."

அந்தப் பார்வையே ஏமாற்றும். சிக்னலில் நிற்கும் பத்துக் கார்கள், இடைவெளியும் சேர்த்து, 70 மீட்டர் நீளம். பத்து சைக்கிள்கள் பச்சை விழுந்த சில விநாடிகளில் கடந்து மறைந்துவிடும். நிற்பது கண்ணில் படும், போய்விட்டது படாது. ஆகவே எண்ணித்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேர், ஒரு அட்டை, கோடு போட்ட தாள், கைபேசியின் நிறுத்துகடிகாரம் போதும்.

நாளைத் தேர்வதில் கவனம் வேண்டும். செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது இரண்டு நாள், காலை 7.30 முதல் 9.30, மாலை 4 முதல் 6. பள்ளி விடுமுறை, கொட்டும் மழை, பக்கத்து வீதியில் தோண்டல் வேலை இருந்தால் அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள். கட்டுமான வேலையால் வந்த நெரிசலைச் சைக்கிள் பாதையின் கணக்கில் எழுதுவதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. மறுபக்கத்துத் தவறும் உண்டு: செப்டெம்பரில் மட்டும் சைக்கிளை எண்ணி, ஜனவரியில் எண்ணாமல் விடுவது. இரண்டையும் எண்ணி, இரண்டையும் காட்டுங்கள்.

முதலில் சிக்னல். வீதியின் நடுப்பகுதியைப் பார்க்காதீர்கள். நகர வீதியின் கொள்ளளவு சந்தியில்தான் முடிவாகிறது. பச்சை எத்தனை விநாடி, ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை எத்தனை விநாடி என்று பத்துச் சுற்றுக்கு அளந்து சராசரி எடுங்கள். பச்சை 40, முழுச் சுற்று 90 என்று வைப்போம். முதல் கார் கிளம்பும் தாமதத்துக்கு 2 விநாடி கழியுங்கள். மீதி 38 விநாடியில், காருக்கு 2 விநாடி வீதம், ஒரு தடத்தில் 19 கார் போகும். மணிக்கு 40 சுற்று, ஆக 760 கார். இதுதான் அந்தத் தடத்தின் உச்சம்.

அடுத்து, பச்சை முடியும் ஒவ்வொரு முறையும் எத்தனை கார் கடக்க முடியாமல் மிஞ்சின என்று எழுதுங்கள். பெரும்பாலான சுற்றுகளில் பூச்சியம் என்றால் அங்கே தடம் போதாமல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சினால், கடந்த கார்களின் எண்ணிக்கை தேவையைச் சொல்லாது. ஒருவர் வரிசையின் வாலுக்குப் போய் வந்து சேரும் கார்களை எண்ண வேண்டும். பச்சை விழுந்தும் கார்கள் நகரவில்லை என்றால் அடைப்பு அடுத்த சந்தியில் இருக்கிறது. அங்கே போய் அளந்து பாருங்கள். இங்கே இன்னொரு தடம் திறப்பது குடத்தின் வயிற்றை அகலமாக்குவது மாதிரி. வாய் அதே வாய்தான்.

இரண்டாவது தடம் கிடைத்தால் 760 என்பது 1,520 ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இடப்பக்கம் திரும்ப நிற்கும் ஒரே ஒரு கார், எதிர்ப்பக்கம் இடைவெளி கிடைக்கும் வரை உள்தடத்தை அடைத்துவிடும். வலப்பக்கம் திரும்புகிற கார் பாதசாரிகளுக்காக வெளித்தடத்தில் காத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை பச்சைகள் வீணாகின என்று தனியாகக் குறியுங்கள். பல சந்திகளில் நெரிசலின் வேர் இந்த நிரலில்தான் வெளிப்படும். திரும்புவதற்குத் தனித் தடமோ, உச்ச நேரத்தில் திரும்பத் தடையோ போட்டால் சைக்கிள் பாதையைத் தொடாமலே தீரும்.

எண்ணும்போது காரை மட்டுமல்ல, ஆளை எண்ணுங்கள். 100 காருக்குள் எத்தனை பேர் என்று ஒரு மாதிரி எடுங்கள். 115 பேர் என்றால் 760 காரில் 874 பேர். பஸ்ஸில் இருப்பவர்களை வரிசை வரிசையாகக் குத்துமதிப்பாக எண்ணலாம். சாப்பாடு கொண்டுபோகும் மின் சைக்கிள்களுக்குத் தனி நிரல்: பாதையை எடுத்தாலும் அவற்றை ஓட்டுகிறவர்கள் வேலைக்கு வரத்தான் செய்வார்கள், அப்போது கார்த் தடத்தில் கார்களுக்கு முன்னால் போவார்கள். ஒன்ராறியோ சட்டப்படி சைக்கிளை முந்தும் கார், முடிந்த இடமெல்லாம் 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 3 மீட்டர் தடத்துக்குள் அது நடக்காது. ஆகவே மீட்ட தடத்தில் காரும் சைக்கிள் வேகத்தில்தான் ஊரும்.

பிறகு நாடாவை எடுங்கள். பாதையும் அதன் தடுப்பும் சேர்ந்து எத்தனை மீட்டர்? கார்த் தடத்துக்குக் குறைந்தது 3 மீட்டர் வேண்டும். ஒரு பக்கம் 2 மீட்டர்தான் தேறுகிறது என்றால், அதை எடுத்தாலும் தடம் வராது. இரு பக்கமும் எடுத்து நடுக்கோட்டை நகர்த்த வேண்டும். பழைய வரைபடத்தையும் பாருங்கள். புளோரில் பாதை வருமுன் ஓரத்தடம் உச்ச நேரம் தவிர்த்த வேளையில் வாகனத் தரிப்பிடமாக இருந்தது. ஜார்விஸ் வீதியில் 2010இல் போட்ட பாதையை 2012இல் எடுத்தபோது திரும்பி வந்தது, நேரத்துக்கு நேரம் திசை மாறும் நடுத்தடம். "தடத்தைத் திருப்பித் தருகிறோம்" என்றால் என்ன தடம், எந்த நேரத்துக்கு என்று கேளுங்கள். நாள் முழுக்கக் கார் நிறுத்தத்தான் என்றால் நெரிசலைப் பற்றிப் பேச்சே இல்லை.

பயண நேரத்தை அளக்க, திசைக்கு ஆறு முறையாவது காரோட்டத்தோடு ஒட்டிப் போய், வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள். ஒரு மோசமான நாளின் 25 நிமிடத்தை எடுத்துப் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

தாமதம் வந்திருந்தால் மறைக்காதீர்கள். புளோரில் 2016இல் 2.4 கிலோமீட்டருக்கு வந்த முன்னோட்டப் பாதையால் காரோட்டிகளுக்குக் காலையில் சுமார் 2, மாலையில் சுமார் 4 நிமிடம் கூடியதென நகரசபை அறிக்கையே சொன்னது. சிக்னல் நேரத்தைத் திருத்துவதற்கு முன் அது இன்னும் அதிகம். அதே அறிக்கையில் சைக்கிளோட்டம் 49 விழுக்காடு உயர்ந்திருந்தது. 4 நிமிடம் பெரிதா சிறிதா என்பது விவாதிக்கத்தக்க கேள்வி. இல்லவே இல்லை என்று சாதித்தால், தினமும் அந்த 4 நிமிடத்தை உட்கார்ந்து கழிப்பவர் உங்கள் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

செலவையும் எழுதுங்கள். மூன்று வீதிகளிலும் பாதையைப் பெயர்க்க 48 மில்லியன் டொலர் ஆகும் என்றது நகரசபையின் மதிப்பீடு. அரசு அதை ஏற்கவில்லை. பெயர்க்கும் மாதங்களில் தடம் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும் இடம் முக்கியம். ரொறன்ரோ நகரசபையின் முழு அமர்வில் பொதுமக்கள் பேச முடியாது. குழுக் கூட்டத்தில்தான் பேசலாம். நிகழ்ச்சி நிரல் வந்தவுடன் எழுத்தர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்யுங்கள். வழக்கமாக 5 நிமிடம். கூட்டம் சேர்ந்தால் 3 ஆகக் குறைப்பார்கள், எனவே 3 நிமிடத்துக்கே எழுதுங்கள். மாகாணச் சட்டமூலங்களுக்குக் கருத்துச் சொல்லும் காலம் குறுகியது: 2024 சட்டமூலம் அக்டோபர் 21 அன்று வந்தது, 30 நாளில் கருத்துக்கேட்பு முடிந்தது, நவம்பர் 25இல் சட்டமானது. அறிவிப்பு வந்த பிறகு எண்ணப் போனால் தாமதம். தாளை முன்கூட்டியே நிரப்பி, தேதி, நேரம், வானிலை, சந்தியின் பெயர் நான்கையும் தலைப்பில் எழுதி வையுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் குழுவில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.