ஹாமில்டனில் வீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில், டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹாமில்டனில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 5.69 லட்சம் பேர் வாழ்கிறார்கள். டொராண்டோ விலைக்கு அஞ்சி இங்கே வீடு தேடுவோர் பெரும்பாலும் விலையையும் படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்துப் பகுதியைத் தீர்மானிக்கிறார்கள். இந்த ஊரில் அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு: வீடு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதும், அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதும்.

நயாகரா மலைச்சரிவு ஹாமில்டனை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள இந்தச் சரிவுக்கு மேலே இருக்கும் பகுதி முழுவதையும் ஊர்க்காரர்கள் ‘மவுண்டன்’ என்றே சொல்கிறார்கள். பெயர்தான் மலை, ஏறிப் பார்த்தால் வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த சமவெளி. கைபேசி வரைபடத்தில் மேலூரும் கீழூரும் ஒரே தளத்தில் ஒட்டிக்கிடப்பதைப் போலத் தெரிவதால், ‘மருத்துவமனை ஒரு கிலோமீட்டர்தானே, நடந்தே போய்விடலாம்’ என்று கணக்குப் போடுவதுதான் புதிதாக வருவோர் செய்யும் முதல் தவறு. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பல நூறு படிகள் இருக்கக்கூடும். வாகனங்கள் ஏறுவதற்கும் கிளேர்மான்ட், ஜாலி கட், ஷெர்மன், கெனில்வொர்த் போன்ற சில சாலைகளே உள்ளன. அவற்றில் ஒன்று மூடப்பட்டாலும் மற்றவற்றில் நெரிசல் கூடிவிடும். மிதிவண்டிக்காரர்களைக் குறிப்பிட்ட நகரப் பேருந்துகளில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் ஏற்பாடு ஒன்றே தனியாக இருக்கிறது என்பதிலிருந்து இந்த ஏற்றத்தின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். வேலை கீழூரில், பள்ளி மேலூரில் என்று அமையுமானால், வாங்குவதற்கு முன் ஒரு வார நாள் காலையில் அந்தப் பாதையில் போய்வந்து பார்ப்பது நல்லது.

தெருப்பெயர்களும் இதே குழப்பத்தைப் பெருக்குகின்றன. கீழூரின் ஜேம்ஸ், வெல்லிங்டன், வென்ட்வொர்த், கேஜ், ஆட்டவா ஆகிய தெருக்களுக்கு மேலூரில் ‘அப்பர்’ என்ற முன்னொட்டுடன் இணைத்தெருக்கள் இருக்கின்றன. அப்பர் ஜேம்ஸில் இருக்கும் வீட்டை, ஓவியக்கூடங்களும் உணவகங்களும் நிறைந்த ஜேம்ஸ் தெரு வடக்குக்கு அருகில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ‘ஈஸ்ட் 5த் ஸ்ட்ரீட்’ என்ற முகவரியைப் பார்த்ததும் கிழக்கு ஹாமில்டன் என்று முடிவுகட்டுவதும் அப்படித்தான். எண்ணிட்ட அந்தத் தெருக்கள் மலைமேல் இருப்பவை.

கிழக்குக் கீழூர் என்றாலே ஆலைப்புகையும் நாற்றமும்தான், அங்கே குடியிருப்பது ஆபத்து என்ற பழைய பேச்சை அப்படியே நம்புவதும், அதை முற்றிலும் புறந்தள்ளுவதும் சம அளவில் தவறானவை. துறைமுகத்தை ஒட்டிய வடகிழக்குப் பகுதி நெடுங்காலமாக எஃகுத் தொழிலின் இடம். ஸ்டெல்கோ நிறுவனம் ஹாமில்டனில் ஊதுலையை நிறுத்திவிட்டாலும், டொஃபாஸ்கோ ஆலை இன்றும் இயங்குகிறது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் புகை ஏரிப்பக்கம் போய்விடும். ஆனால் காற்று திசை மாறும் நாள்களிலும், மேலே வெப்பக்காற்று மூடிபோல் படிந்து கீழ்க்காற்றைச் சரிவின் அடியில் தேக்கிவைக்கும் நாள்களிலும் கீழூரில் நாற்றத்தை உணர முடியும். ஒரே ஒரு முறை, அதுவும் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவருக்கு இது தெரிந்திருக்காது. 2010இல் ஹாமில்டன் ஸ்பெக்டேட்டர் நாளிதழ் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட தொடர், நகரின் பகுதிகளுக்கிடையே சராசரி இறப்பு வயதில் 21 ஆண்டு இடைவெளி இருப்பதைக் காட்டியது. வறுமையும் உடல்நலமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லவந்த அந்த எண்ணை, ஒரு தெருவில் குடியிருப்பது ஆபத்தா என்பதற்கான தீர்ப்பாகப் பயன்படுத்துவது முறையல்ல என்றே நினைக்கிறேன். கேஜ் பூங்காவைச் சுற்றிய தெருக்களும் ஆலைச்சுவரை ஒட்டிய தெருக்களும் பேச்சுவழக்கில் ஒரே ‘கிழக்கு’தான், நேரில் அவை வேறு வேறு.

மேற்கே வெஸ்ட்டேல் 1920களில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட குடியிருப்பு. நடுவில் கடைவீதி, அதைச் சுற்றி வளைந்து செல்லும் தெருக்கள் என்ற அதன் அழகிய அமைப்பைப் பாராட்டுவோர், ஆசியர், கறுப்பினத்தவர், யூதர் உள்ளிட்ட பலருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் அதன் மனைகள் விற்கப்பட்டன என்பதைச் சொல்வது குறைவு. 1930இல் மக்மாஸ்டர் டொராண்டோவிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழகப் பகுதி என்றால் அமைதியான பகுதி என்று கொள்ளும் நம் வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தாது: வெஸ்ட்டேலிலும் அருகிலுள்ள ஐன்ஸ்லி வுட்டிலும் மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் ஏராளம்.

அடுத்தது வீட்டின் வயது. டுராண்ட், கிர்கண்டால், பீஸ்லி, நார்த் எண்ட் போன்ற கீழூர்ப் பகுதிகளின் செங்கல் வீடுகளில் பல நூறாண்டைக் கடந்தவை. புதிய வண்ணப்பூச்சும் புதுச் சமையலறையும் கண்ணைக் கவரும்போது சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் இருப்பவற்றை மறந்துவிடுவதுதான் மிகுந்த செலவு வைக்கும் தவறு. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீட்டில் தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் ஈயத்தால் ஆனதாக இருக்கலாம். பீங்கான் குமிழ்களில் கட்டி இழுத்த பழங்கால மின்கம்பிகள் இன்னும் இருந்தால், காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கவோ கூடுதல் தொகை கேட்கவோ செய்யும். பழைய கீழூரில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், பெருமழையின்போது கழிவுநீர் பேஸ்மென்ட்டுக்குள் எதிர்த்து ஏறும் அபாயமும் உண்டு. அதைத் தடுக்கும் வால்வு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரே வீட்டுக்குப் பலர் விலை கேட்கும் போட்டியில் வெல்வதற்காக, ‘வீட்டைச் சோதித்துப் பார்த்த பிறகே வாங்குவேன்’ என்ற நிபந்தனையைக் கைவிடுவது புதிய வீட்டிலேயே துணிச்சலான காரியம்; இங்கே அது சூதாட்டம்.

‘ஹாமில்டன்’ என்ற சொல்லின் எல்லையும் ஏமாற்றும். 2001 ஜனவரி 1 அன்று ஆன்காஸ்டர், டண்டாஸ், ஃபிளாம்பரோ, கிளான்புரூக், ஸ்டோனி கிரீக் ஆகியவை நகருடன் இணைக்கப்பட்டன. ஒரே நகராட்சி என்றாலும் ஃபிளாம்பரோ, கிளான்புரூக் ஆகியவற்றின் ஊர்ப்புறங்களில் நகராட்சிக் குடிநீரும் சாக்கடை இணைப்பும் இன்றி, கிணற்றையும் கழிவுத்தொட்டியையும் நம்பிய வீடுகள் உள்ளன. டொராண்டோவுக்கு நாள்தோறும் ரயிலில் போகிறவர்கள், ஹன்டர் தெரு நிலையம், 2015இல் திறக்கப்பட்ட வெஸ்ட் ஹார்பர் நிலையம், அண்டை நகரான பர்லிங்டனின் ஆல்டர்ஷாட் நிலையம் ஆகியவற்றில் ரயில்களின் எண்ணிக்கையும் நேரமும் வெவ்வேறு என்பதை அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்குப் போவோர் புதிய புறநகர்ப் பகுதிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்டாரியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. ஆகவே பின்புருக், வாட்டர்டவுன், மேல் ஸ்டோனி கிரீக் பக்கம் புத்தம் புதிய வீட்டைக் குறைந்த வாடகைக்குப் பிடித்தவர், மறு ஆண்டில் உரிமையாளர் எவ்வளவு கேட்கக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முன்பணமாகக் கடைசி மாத வாடகையையும், திருப்பித் தரப்படும் சாவிக் கட்டணத்தையும் தவிர, ‘சேதத்துக்காக’ என்று தனித்தொகை கேட்க அந்த மாகாணச் சட்டத்தில் இடமில்லை.