பிரிண்டர் மலிவுதான், இங்க்தான் காஸ்ட்லி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலாயிரம் ரூபாய் பக்கத்தில் ஸ்கேனர், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த பிரிண்டர் கிடைக்கிறது என்றதும், பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு ஆகும் என்று வாங்கிவிடுகிறோம். கூட வந்த இங்க் தீர்ந்த பிறகு கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என்று கார்ட்ரிட்ஜ் விலை கேட்டால்தான் விஷயம் புரிகிறது. பல மாடல்களில் இரண்டும் சேர்ந்து பிரிண்டர் விலையில் பாதியைத் தொடும். மெஷினைக் குறைந்த லாபத்துக்குத் தள்ளிவிட்டு இங்க்கில் சம்பாதிப்பதுதான் இந்த வியாபாரம். அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய இங்க், காகிதத்துக்கே போகாமல் வீணாவதை நிறையவே குறைக்கலாம்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பிரிண்டர் விலையைப் பேரம் பேசுகிறோம். அதற்கு எந்த கார்ட்ரிட்ஜ், அது எத்தனை பக்கம் வரும் என்று கேட்பதில்லை. எச்.பி.யின் 805 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு சுமார் 120 பக்கம், கலர் சுமார் 100 பக்கம். கறுப்பின் விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஏழரை ரூபாய், காகிதம் தனி. இந்தப் பக்கக் கணக்கும் ஐ.எஸ்.ஓ. 24711 என்ற தரப்படி தொடர்ச்சியாக ஓட்டிப் பார்த்து அளந்தது. வீட்டில் அப்படியா ஓடுகிறது? இன்று ஒரு ஆதார் நகல், பத்து நாள் கழித்து ஒரு ஹால் டிக்கெட். நடுவில் பிரிண்டர் தானாகவே செய்துகொள்ளும் சுத்தத்துக்கும் அதே இங்க்தான் செலவாகிறது. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் பக்கம் நமக்கு வராது.

அடுத்தது சுவிட்ச். வேலை முடிந்ததும் சுவர் பிளக்கை அணைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் நல்ல பழக்கம். பிரிண்டருக்கு மட்டும் அது ஆகாது. பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். இங்க்கைக் காகிதத்தில் தெளிக்கும் பகுதியான ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் உட்காரும் சத்தம் அது. அந்த மூடிதான் நாசில், அதாவது ஹெட்டில் இங்க் வெளிவரும் நுண்துளைகள், காயாமல் காக்கிறது. சத்தம் நின்று விளக்கும் அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்கினால் ஒன்றுமில்லை. பிரிண்ட் ஓடும்போதே பிளக்கை அணைத்தாலோ, கரண்ட் போனாலோ ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பட்டனிலேயே அணைத்துவிடுங்கள்.

சரி, காய்ந்துவிட்டது, கோடு கோடாக வருகிறது. உடனே ஹெட் கிளீனிங், சரியாகவில்லையா, இன்னொரு தடவை, அப்புறம் டீப் கிளீனிங். இங்க் செலவில் இதைவிடப் பெரிய ஓட்டை கிடையாது. ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு, மெஷினின் அடியிலுள்ள கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டி நின்றுபோகும் பிரிண்டர்களும் உண்டு. ஒரு தடவை கிளீன் செய்து, நாசில் செக் என்ற சோதனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்; ஊறிய இங்க் சில சமயம் தானே வழிவிடும்.

எச்.பி., கேனன் ஆகியவற்றின் விலை குறைந்த மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. அவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. டிஷ்யூ பேப்பரை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மடித்து, கலர் கார்ட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை அதன் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் நீலம், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று பட்டைகள் தெரிய வேண்டும். எந்தப் பட்டை இல்லையோ அந்தக் கலர் அடைத்திருக்கிறது, அல்லது தீர்ந்துவிட்டது. செம்பு நிறத் தொடுமுனைகளில் மட்டும் கை படவோ ஈரம் படவோ கூடாது.

கறுப்பு எழுத்துதானே, கலர் இங்க் செலவாகாது என்று நினைப்பதும் தவறு. சாதாரண செட்டிங்கில் பல பிரிண்டர்கள் கறுப்போடு கலரையும் கலந்து அடிக்கும். பேப்பர் வகையில் போட்டோ பேப்பர் என்று இருந்துவிட்டால், கலர்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும் மாடல்களும் உண்டு. கிரேஸ்கேல், கறுப்பு இங்க் மட்டும் என்று எது இருக்கிறதோ அதையும், இங்க் குறைவாகச் செலவாகும் டிராஃப்ட் தரத்தையும் டிஃபால்ட்டாகவே வைத்துவிடுங்கள்.

இங்க் குறைவு என்ற எச்சரிக்கை வந்த அன்றே கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அது ஒரு மதிப்பீடுதான். எழுத்து மங்கும்வரை ஓட்டலாம். கலர் முற்றிலும் தீர்ந்தாலும் பல எச்.பி. டெஸ்க்ஜெட் மாடல்களில் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பை மட்டும் வைத்து ஓட்டலாம். கேனனில் இரண்டும் உள்ளே இருந்தே ஆக வேண்டும்; ஆனால் பல மாடல்களில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடும்.

ரீஃபில் செய்கிறவர்கள் மட்டும் இப்படிக் கடைசிச் சொட்டுவரை போகக் கூடாது. இந்த வகை ஹெட் இங்க்கைச் சுடவைத்துக் குமிழியாக்கித் தெறிக்க வைப்பது. அதற்குக் குளிர்ச்சியும் அந்த இங்க்தான். வறண்டபடி ஓட்டினால் ஹெட் கருகிவிடும், பிறகு எந்த ரீஃபில் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாற்று கார்ட்ரிட்ஜ் போடுகிறவர்கள் பிரிண்டரின் தானியங்கி அப்டேட்டை யோசித்து அனுமதியுங்கள்; அதன் பிறகு வேறு நிறுவனச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் ஏற்காமல் போகலாம். வேறு நிறுவனச் சிப்பை ஒதுக்கும் எச்.பி.யின் ஏற்பாட்டைப் பற்றி வாங்குகிறவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியில் 2020-இல் ஒரு கோடி யூரோ அபராதமே விதித்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எல்லோரும், பாட்டில் இங்க்கைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் டேங்க் பிரிண்டருக்குத் தாவுகிறார்கள். நிறைய எடுப்பவர்களுக்கு அது சரி. எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லிதான், ஆனால் சுமார் 4,500 பக்கம் வரும். மாதம் நாலு பக்கம் எடுக்கும் வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன். எப்சன் டேங்க் பிரிண்டரில் ஹெட் மெஷினோடு இருப்பது. அடைத்துவிட்டால் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது போல மாற்ற முடியாது, சர்வீஸ் பில் பயமுறுத்தும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது கலரில் எடுப்பீர்கள் என்றால் வாங்குங்கள். மாட்டீர்கள் என்றால் ஜெராக்ஸ் கடையே போதும். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் கறுப்பு-வெள்ளை லேசர் பாருங்கள். டோனர் பொடி, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் காயாது. போட்டோவை ஸ்டுடியோவில் போட்டுக்கொள்ளலாம்.