சீசனுக்கு முன் பட்டியல் போடுகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால், இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்குக் கை நமைக்க ஆரம்பித்துவிடும். அபிமான அணியின் வீரர்களை, அணிக்கு யார் எவ்வளவு முக்கியம் என்று முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசையாக எழுத வேண்டும். எழுதியதை நாலு பேரிடம் காட்டிச் சண்டை போட வேண்டும். நான் லிவர்பூலுக்கு இதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். இந்த முறை நண்பரின் மகன், கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் பையன், தன் முதல் பட்டியலோடு வந்து நின்றான். முதல் நான்கு இடங்களும் கோல் அடிப்பவர்களுக்கே போயிருந்தன. கோல்கீப்பர் பதினொன்றில் இருந்தார். ஏன்டா இப்படி என்று கேட்டால், "அவர் பாதி நேரம் சும்மாதானே அங்கிள் நிக்கிறார்" என்கிறான். ஆரம்பத்தில் நானும் இதே மாதிரிதான் எழுதினேன் என்பதால் அவனைத் திட்ட முடியவில்லை.

விற்றுப்போன வீரரைப் பட்டியலில் விட்டுவைப்பது, பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் யாராவது அன்றைக்கே சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

போன வருடக் கோல்களை அப்படியே எடுத்து எழுதுவது

2012 ஜனவரியில் நியூகாஸிலுக்கு வந்தார் பாபிஸ் சிஸ்ஸே. அரை சீசனில் 14 லீக் ஆட்டங்கள், 13 கோல்கள். தொட்டதெல்லாம் கோலானது. அந்த ஆகஸ்டில் நியூகாஸில் ரசிகர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அவருக்குத்தான் முதலிடம் கொடுத்திருப்பார்கள். அடுத்த முழு சீசனில் 36 லீக் ஆட்டங்களில் 8 கோல்கள் அடித்தார். அவர் திறமை ஒரே கோடையில் ஆவியாகிவிடவில்லை. 14 ஆட்டங்கள் என்பது ஒருவரை எடை போடப் போதாது, அவ்வளவுதான்.

பெனால்டி கோல்களையும் தனியே பிரித்துப் பாருங்கள். 2020-21இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் புருனோ ஃபெர்னாண்டஸ் லீக்கில் அடித்த 18 கோல்களில் பாதி, அதாவது 9, பெனால்டியில் வந்தவை. மனிதர் பெரிய ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வருடம் பெனால்டி எத்தனை கிடைக்கும், யார் அடிப்பார் என்பது ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது.

வீரரைத் தனியாக நிறுத்தி எடை போடுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்?" என்பதுதான். பட்டியலுக்கு அது பாதிக் கேள்வி. மீதிப் பாதி: இவர் ஆடாவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பார், அவரை அங்கே நிறுத்துவதற்காக இன்னும் எத்தனை பேர் இடம் மாற வேண்டியிருக்கும்?

2020 கோடையை எடுத்துக்கொள்வோம். லிவர்பூல் அப்போதுதான் 99 புள்ளிகளோடு, 30 வருடங்களுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றிருந்தது. அந்த நேரத்தில் நான் பார்த்த பட்டியல்களில் பாதிக்குமேல் முன்வரிசையில் ஆடும் சலா முதலிடத்தில், அவர் ஜோடி மானே இரண்டில், மூன்றிலோ நான்கிலோ டிஃபெண்டர் வான் டைக். ஃபாபின்யோ எட்டு, ஒன்பது என்று எங்கேயோ கிடந்தார். கோல்கீப்பர் அலிசன் அவருக்கும் கீழே.

அந்த அணியின் நடு டிஃபென்ஸை அன்றைக்கே எண்ணிப் பார்த்திருக்கலாம். லொவ்ரென் ஜூலையில் ரஷ்யாவின் ஜெனிட் கிளப்புக்குப் போய்விட்டார். பதிலுக்கு யாரையும் வாங்கவில்லை. மிச்சம் இருந்தவர்கள் வான் டைக், கோமஸ், மாட்டிப் என்று மூன்றே மூன்று அனுபவஸ்தர்கள். மாட்டிப்போ முந்தைய சீசனில் காயத்தோடு காயமாக 9 லீக் ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். நான்காவது ஆளாக யாரைச் சொல்வது? நடு மைதானத்தில் ஆடும் மிட்ஃபீல்டரான ஃபாபின்யோவைத்தான் இழுத்து வைக்க வேண்டும். இழுத்தால் மிட்ஃபீல்டில் அவர் இடம் காலி. இதெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் மைதானத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸ். ஜனவரி இறுதியில் டாட்டன்ஹாமுடன் ஆடியபோது மாட்டிப். ஃபாபின்யோ பின்னால் போனார். அப்புறம் கேப்டன் ஹெண்டர்சனும் பின்னால் போனார், பிப்ரவரியில் அங்கே நின்று ஆடும்போதே காயமும் பட்டுக்கொண்டார். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி, பர்ன்லியில் ஆரம்பித்து ஃபுல்ஹாம் வரை சொந்த மண்ணில் வரிசையாக ஆறு தோல்வி கண்டது.

இங்கேதான் அந்தப் பையனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்டம் வென்ற வருடம் லிவர்பூல் அடித்தது 85 கோல்கள், எதிரணிகளிடம் வாங்கியது 33. அடுத்த வருடம் அடித்தது 68, வாங்கியது 42. டிஃபெண்டர்கள் போனதால் கூடுதலாக வாங்கியது 9 கோல்கள். ஆனால் அடிப்பதில் குறைந்தது 17! அந்த ஆறு தோல்விகளிலும் சேர்த்து லிவர்பூல் அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி.

காரணம் புரிவது கஷ்டமில்லை. அப்போதைய பயிற்சியாளர் கிளாப்பின் அணியில் டிஃபென்ஸ் வரிசை நடுக்கோட்டை ஒட்டி நிற்கும். பின்னால் விரிந்து கிடக்கும் வெற்றிடத்தை வான் டைக்கின் வேகம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் ஓரங்களில் ஆடும் டிஃபெண்டர்களான இரண்டு ஃபுல் பேக்குகளும் மேலே ஓடுவார்கள். எதிரணி பந்தைப் பறித்துத் திருப்பி ஓடினால் ஃபாபின்யோ நடுவிலேயே வெட்டிவிடுவார். இவர்கள் இல்லாதபோது வரிசை பின்வாங்கியது, ஃபுல் பேக்குகள் தயங்கினார்கள், எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் பறிக்க வேண்டிய பந்தை நடு மைதானத்தில் பறித்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் சலாவை நோக்கி வான் டைக் அனுப்பும் நீளமான குறுக்குப் பாஸும் போனது. கார்னர்களில் அவர் தலையும் போனது.

சலாவின் கணக்கைப் பாருங்கள். பட்டம் வென்ற வருடம் லீக்கில் 19 கோல்கள். அணி 30 புள்ளிகளை இழந்து 69இல் முடித்த வருடம் 22. பட்டியலில் முதல் பெயரின் கோல்கள் கூடியிருக்கின்றன, அணி சரிந்திருக்கிறது. அப்படியானால் அந்த முதலிடம் எதை அளந்தது?

ஒருவர் வாதத்துக்கு வருவார் என்று தெரியும்: வான் டைக் ஆடியபோதே அக்டோபர் 4 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று உதை வாங்கவில்லையா? வாங்கினார்கள். அன்றைக்குக் கோலில் நின்றவர் அலிசன் இல்லை, அட்ரியான். முழுப் பழியையும் அவர் தலையில் கட்டமாட்டேன், அன்று அணி மொத்தமும் மோசம். ஆனால் "சும்மா நிற்கிற" கோல்கீப்பரைப் பதினொன்றில் வைக்கும் முன் அந்த ஆட்டத்தின் முதல் கோலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கதையின் கடைசிப் பகுதி இன்னும் சுவாரஸ்யம். மார்ச்சில் ஃபாபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பின்னால் நின்றவர்கள் நாட் பிலிப்ஸ், வேறு கிளப்பிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, வந்த கபாக், கடைசி வாரங்களில் ரீஸ் வில்லியம்ஸ். இதில் வில்லியம்ஸ் முந்தைய வருடம் ஆறாம் அடுக்கு லீக்கில் கிட்டர்மின்ஸ்டருக்கு ஆடிக்கொண்டிருந்த பையன். அந்த டிஃபென்ஸை வைத்துக்கொண்டு கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. மூன்றாவது இடம். எட்டிலோ ஒன்பதிலோ கிடந்த ஃபாபின்யோ எந்த இடத்துக்கு உரியவர் என்று இப்போது சொல்லுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 2022 ஜனவரியில் நாட்டு அணிகள் மோதும் ஆப்பிரிக்கக் கோப்பைக்காக சலா, மானே இருவரும் கிளம்பிப் போனார்கள். அவர்கள் இல்லாத இரண்டு லீக் ஆட்டங்களிலும் லிவர்பூல் ஜெயித்தது: பிரென்ட்ஃபோர்டுடன் 3-0, கிரிஸ்டல் பேலஸுடன் 3-1. இரண்டே ஆட்டங்கள், அதை வைத்து சலா தேவையில்லை என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் முன்வரிசையில் ஆள் போனால் அதே இடத்துக்கு ஜோட்டா மாதிரி ஒருவர் வருவார், மற்றவர்கள் தத்தம் இடத்திலேயே இருப்பார்கள். நடு டிஃபென்ஸில் 2020-21இல் அப்படி இருக்கவில்லை.

இது லிவர்பூலுக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை. நான்கு வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி, 2024 செப்டம்பரில் மிட்ஃபீல்டர் ரோட்ரியின் முழங்கால் போனதும் அந்த சீசனை 71 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. அதற்கு முந்தைய வருடம் 91. முன்வரிசை வீரர் ஹாலண்ட் என்னவோ 22 லீக் கோல்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார். சிட்டியின் சரிவுக்கு ரோட்ரி ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டேன், பலருக்கு வயது ஏறியிருந்தது. இருந்தாலும் அவர் வேலையைச் செய்ய அங்கே இன்னொருவர் இல்லை என்பது அந்த ஆகஸ்டிலேயே தெரிந்த செய்திதான்.

ஆகவே பட்டியல் எழுதும் முன் ஒரு தாளில் முதல் பதினொருவரை எழுதுங்கள். ஒரு பெயரை அடியுங்கள். அணியை மறுபடி நிரப்புங்கள். எத்தனை பேர் தங்களுக்குப் பழகாத இடத்துக்கு நகர்ந்தார்கள் என்று பாருங்கள். பதினொரு பெயருக்கும் இப்படிச் செய்தால் ஒரு சாயங்காலம் போகும். முதல் ஆறு இடங்கள் தலைகீழாகிவிடும்.

நிமிடங்களை மறப்பது

38 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 90 நிமிடம் என்றால் 3420. ஒருவர் அதில் பாதிக்கு மட்டும் உடம்போடு இருப்பார் என்றால், எவ்வளவு அழகாக ஆடினாலும் அவருக்குப் பாதி மதிப்பெண்தான்.

நபி கேய்ட்டாவை லிவர்பூல் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். லைப்சிக்கிலிருந்து பெரும் விலைக்கு 2018இல் வந்தார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் "இது கேய்ட்டாவின் வருடம்" என்று யாராவது அவரை முதல் ஐந்துக்குள் தூக்கி வைப்பார்கள். ஐந்து சீசன்களில் ஒன்றில்கூட 30 லீக் ஆட்டங்களை அவர் எட்டவில்லை. பந்து காலில் இருக்கும்போது அவரைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து, அதை நான் மறுக்கவே மாட்டேன். கடந்த மூன்று வருட ஆட்ட எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால் இந்த மாதிரி ஆசைகள் தானாக அடங்கும். ஆப்பிரிக்கக் கோப்பை சீசனுக்கு நடுவே வருகிற வருடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வரவு

விமான நிலையத்தில் கை அசைத்த படம் வந்த அன்றே நான்காம் இடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டி ராபர்ட்சன் 2017 கோடையில் ஹல் சிட்டியிலிருந்து 80 லட்சம் பவுண்டுக்கு வந்தார். டிசம்பரில், அதே இடத்தில் ஆடிய மொரேனோவுக்குக் காயம் படும்வரை பெரும்பாலும் பெஞ்ச்தான். அடுத்த வருடம் வந்த ஃபாபின்யோவுக்கு லீக்கில் முதல் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆட அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருவரும் பிறகு அந்த அணியின் தூண்கள். அவர்களே இத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல! புதியவரை முதல் வருடம் உங்கள் மனசு சொல்கிற இடத்துக்கு மூன்று நான்கு இடம் கீழே வையுங்கள். கோல்கீப்பருக்கு இது பொருந்தாது, அவர் வந்த நாளிலிருந்தே வேலை செய்தாக வேண்டும்.

நட்பு ஆட்டங்கள்

பாருங்கள், ரசியுங்கள், பட்டியலைத் தொடாதீர்கள்.

விலை

அது கிளப்பின் கவலை.

கீழ்ப்பாதியில் ஜோசியம் பார்ப்பது

பிரீமியர் லீக் அணி 25 பேரைப் பதிவு செய்யலாம். 21 வயதுக்கு உட்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆக, உங்கள் பட்டியல் எப்படியும் 28, 30 பெயர் வரை நீளும். இதில் பதினெட்டாவது ஆளுக்கும் பத்தொன்பதாவது ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் சிலர் அதற்கும் பத்தி பத்தியாகக் காரணம் எழுதுகிறார்கள். பதினைந்துக்குக் கீழே எண் போடாமல் குழுவாகப் பிரித்துவிடுங்கள்: ஒரு காயம் பட்டால் உடனே உள்ளே வருபவர்கள், இரண்டு காயம் பட்டால் வருபவர்கள், கோப்பை ஆட்டங்களுக்கு மட்டும் ஆனவர்கள், லோனில் போகப்போகும் பையன்கள். இந்தக் குழுக்களை இடம் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கர்கள் ஐந்து பேர் வெளியே காத்திருப்பதும் நடு டிஃபென்ஸில் நிற்கும் சென்டர் பேக் ஒருவர்கூட இல்லாததும் அப்போதுதான் கண்ணில் படும்.

நாட் பிலிப்ஸ் 2020 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிளப்பில் லோன் முடிந்து திரும்பியிருந்தார். நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அந்த சீசனில் 17 லீக் ஆட்டங்கள் ஆடினார்.

கடைசியாகத் தேதி. லீக் ஆகஸ்ட் நடுவில் தொடங்கும், வீரர்களை வாங்கி விற்கும் ஜன்னல் செப்டம்பர் தொடக்கம் வரை திறந்தே இருக்கும். முதல் ஆட்டத்துக்கு முன் போட்டால்தான் பட்டியல் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் போடட்டும், நானும் அந்த ரகம்தான். ஆனால் ஜன்னல் மூடிய மறுநாள் அந்தத் தாளை எடுத்து, பெயரை அடித்து நிரப்பிப் பார்க்கும் வேலையை மட்டும் இன்னொரு முறை செய்துவிடுங்கள். நண்பரின் மகன் செய்துவிட்டு வந்தான். கோல்கீப்பர் இப்போது இரண்டாம் இடத்தில் இருக்கிறார். அது கொஞ்சம் அதிகம் என்று நான் சொன்னேன், சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.