இணையக் கடையின் கார்ட் (வாங்கும் கூடை) படிவத்தில் கூடுதல் பொருள் தேர்வுகளைப் பிழையில்லாமல் அமைப்பது எப்படி?

ஒரு கேமரா, அதோடு சேர்த்து வாங்க மெமரி கார்டு, பை, கூடுதல் வாரண்டி. மூன்றும் விருப்பப்பட்டால் மட்டும். படிவத்தில் மூன்று செக்பாக்ஸ் போட்டால் வேலை முடிந்த மாதிரி தெரியும். ஆனால் டிக் செய்யாத செக்பாக்ஸை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. 0 என்றோ காலியாகவோ கூட எதுவும் வராது. பாதிப் பிழைகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழியில், பெட்டியின் பெயரான நேமுக்குப் பின்னால் வெற்றுச் சதுர அடைப்பு போட்டுப் பட்டியலாக வாங்குவது பலருக்கும் பழக்கம். செக்பாக்ஸ், எண்ணிக்கைப் பெட்டி இரண்டையும் அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாங்குபவர் மெமரி கார்டை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் டிக் செய்கிறார். செக்பாக்ஸ் பட்டியலில் 2 மதிப்புகள், எண்ணிக்கைப் பட்டியலில் 3. மெமரி கார்டுக்கான எண்ணிக்கை பையின் கணக்கில் ஏறிவிடும். அதனால் அடைப்பை வெறுமையாக விடாதீர்கள். மெமரி கார்டின் ஐடி 17 என்றால் இரண்டு பெட்டிகளின் நேமிலும் அடைப்புக்குள் 17 என்றே எழுதுங்கள். செக்பாக்ஸின் வேல்யூவாக (டிக் செய்தால் சர்வருக்குப் போகும் மதிப்பு) 1 கொடுங்கள். அதை விட்டுவிட்டால் ‘ஆன்’ என்ற சொல்தான் வந்து சேரும்.

கார்ட்டைத் திருத்தும் பக்கத்தில் இன்னொரு குழப்பம்: 17 வரவில்லை என்றால் வாங்குபவர் டிக்கை எடுத்துவிட்டாரா, அல்லது அந்தப் பெட்டியே பக்கத்தில் இல்லையா? செக்பாக்ஸுக்கு முன்னால் அதே நேமில், 0 மதிப்புள்ள ஒரு மறைவுப் புலம் (திரையில் தெரியாமல் மதிப்பை மட்டும் அனுப்பும் பெட்டி) வையுங்கள். ஒரே நேம் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியில் வருவதை எடுத்துக்கொள்ளும். டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

ஒரு வருடமா, இரண்டு வருடமா என்று வாரண்டியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ரேடியோ பட்டன் சரி. ஆனால் ரேடியோவை ஒருமுறை தொட்டால், மறுபடி தொட்டு விலக்க முடியாது. ‘வேண்டாம்’ என்பதையும் ஒரு தேர்வாக முதலில் வைத்து, அதையே இயல்புநிலையாக விடுங்கள். காசு கூடும் எதையும் முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 நுகர்வோர் உரிமை ஆணையின் 22ஆம் பிரிவின்படி, அப்படி வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

மாடலை மாற்றும்போது பொருந்தாத கூடுதல் பொருளை பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கொண்டு மறைத்தால் மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் டிக் இருந்தால் அதுவும் சர்வருக்குப் போகும். பெட்டியை டிசேபிள் செய்தால் (செயலிழக்க வைத்தால்) தான் போகாது. எப்படியிருந்தாலும், இந்தக் கூடுதல் பொருள் இந்த மாடலுக்கு உண்டா, இருப்பு இருக்கிறதா என்று சர்வரில் சரிபார்த்தே ஆக வேண்டும். விலையைப் படிவத்திலிருந்து வாங்கவே கூடாது. பிரவுசரில் யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் வரட்டும்; விலையை டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

கார்ட்டில் கூடுதல் பொருளைத் தனி வரியாகச் சேமித்து, முதன்மை வரியின் ஐடியை அதோடு இணையுங்கள். கேமராவை நீக்கினால் அதைச் சார்ந்த வரிகளும் போக வேண்டும். பையோடு ஒரு கேமரா, பை இல்லாமல் ஒரு கேமரா என்றால் அவை இரண்டு தனி வரிகள். பொருளின் ஐடியோடு கூடுதல் பொருட்களின் ஐடிகளை ஏறுவரிசையில் கோத்து ஓர் அடையாளச் சாவி செய்தால், எதை ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது தெளிவாகிவிடும். வரிசைப்படுத்தாவிட்டால் 17, 23 என்பதும் 23, 17 என்பதும் வேறு வேறாகிவிடும்.

ஒவ்வொரு கூடுதல் பொருளுக்கும், அது ஒரு அலகுக்கா, மொத்த வரிக்கா என்று டேட்டாபேஸிலேயே குறித்து வையுங்கள். கேமரா 3 என்றால் வாரண்டியும் 3. பரிசுப் பொதி 1 போதும். இதைக் குறிக்காமல் விட்டால், எண்ணிக்கையை மாற்றிய உடனே தொகை தப்பாகிவிடும்.

கடைசியாக பேக் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிரவுசர் பழைய டிக்குகளைத் திருப்பி வைக்கும். ஆனால் டிக் மாறியதைப் பக்கத்தின் நிரலுக்குச் சொல்லும் ‘சேஞ்ச்’ நிகழ்வு எழாது. டிக் இருக்கும், காட்டும் தொகை மட்டும் பழையதாக நிற்கும். பக்கம் திரையில் வரும்போது எழும் ‘பேஜ்ஷோ’ நிகழ்விலும் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷனை அழைத்தால் சரியாகிவிடும்.