மனைக்கல் நடுவதற்கு முன்னால்

நான் பத்திர எழுத்தர். தருமபுரியில் 31 வருடமாக இதே தொழில். 'காலி வீட்டுமனை' என்று நான் எழுதிக் கொடுத்த பக்கங்களில் எத்தனை முன்பு கரடாக, அதாவது பாறையும் புதரும் நிறைந்த மேடாக இருந்தவை என்று எண்ணினால் எனக்கே சங்கடம்தான். பென்னாகரம் சாலைப் பக்கம் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கரடு இருந்தது. ஒரு வெள்ளி இரவு ஜேசிபி ஏறியது. திங்கள்கிழமை நான் மனுவோடு கிளம்பும்போது உசிலை மரங்கள் வேர் தெரியக் கிடந்தன. இந்த வேலையைச் செய்பவர்கள் அலுவலகம் மூடியிருக்கும் நாளைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அதனால் சொல்கிறேன், உங்கள் ஊர்க் கரட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், டேப் பிடித்து அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே ஆரம்பியுங்கள்.

முதல் வேலை புல எண், அதாவது சர்வே நம்பரைக் கண்டுபிடிப்பது. பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டாவை வாங்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. புலப்படத்தில் அதை ஒட்டிய எண்தான் கரடு. பிறகு அரசின் இ-சேவைத் தளத்தில் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைத் திறந்து, அந்த எண் புறம்போக்கா, பட்டாவா என்று பாருங்கள். கரடு, மேய்க்கால், பாறை, தரிசு என்று ஏதாவது இருக்கும். 'தரிசு' என்பதைப் படித்து மனம் தளர வேண்டாம். அது வரிக்கணக்குக்காக எழுதிய வார்த்தை. எழுதியவர் அங்கே உடும்பு வளையை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அதைப் பார்ப்பது நம் வேலை. எனக்குக் காட்டிக்கொடுத்தது ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி. "தம்பி, செருப்புச் சத்தம் போடாம வா" என்று கூட்டிப்போய், காரைப் புதருக்கு அடியில் ஒரு வளையைக் காட்டினார். வாசல் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. நடுவில் வால் இழுத்த கோடு, இரண்டு பக்கமும் நகக்கீறல். போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு புரியும். தேதியும் இடமும் படத்தோடு பதிவாகட்டும். உடும்பும் மயிலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மனுவில் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். மரங்களைத் தையல் டேப்பால் நெஞ்சு உயரத்தில் சுற்றி அளந்து, பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

புறம்போக்கு என்றால் நம் கை கொஞ்சம் ஓங்கும். அரசு நிலத்து மரத்தை வெட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். 'இயற்கை அழிகிறது, நடவடிக்கை எடுங்கள்' என்று எழுதினால் எந்த மேசையிலும் அது நிற்காது. புல எண், மரக் கணக்கு, படம், 'அனுமதி ஆணை இருந்தால் நகல் தருக' என்ற ஒரே கோரிக்கை, இவ்வளவு போதும். நகல் வரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அதையே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இடையில் கிராம சபை வந்தால் தீர்மானமும் போடச் சொல்லுங்கள்.

புளிய மரம் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. யாராவது '2சி பட்டா என்னிடம் இருக்கிறது' என்று வருவார். அது மரத்தின் பலனை அனுபவிக்கத்தான். மண் அவருடையது ஆகாது.

பட்டா நிலம் என்றால் கதை வேறு. உரிமையாளர் விற்பதை நாம் தடுக்க முடியாது, தடுக்க நினைப்பதும் நியாயமில்லை. ஆனால் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நானே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கோணல்மாணலாக, மனையாக விற்காத மூலைதான் பூங்கா ஆகும். அந்த 10 சதவீதத்தை மரம் நிற்கும் இடத்தில் போடுங்கள் என்று கேட்கலாம். வரைபடம் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒப்புதல் ஆவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அப்புறம் கேட்டால் மனை விற்றுப்போயிற்று என்பார்கள்.

போன வருடம் ஒரு லேஅவுட் உரிமையாளரிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தேன். "பூங்காவில் பெரிய மரம் நின்றால் மனை விலை ஏறும் அண்ணா" என்று அவர் ஆசையைத்தான் தொட்டேன். ஒத்துக்கொண்டார். ஆறு வேம்பும் ஒரு புளியும் தப்பின. புளியின் பொந்தில் ஆந்தை ஜோடி ஒன்று இருக்கிறது. இப்போது அதன் அடியில் சிமென்ட் மேடை கட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.